பரிவர்த்தனை வரி: பங்கு, தங்கம், ரப்பர், வீடு – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரில் இருக்கும் நம்மில் பலருக்கு இரண்டு பக்கமும் கணக்கு உண்டு: பங்கு வைத்திருக்க இங்கே ஒரு சிடிபி கணக்கு, ஊரில் அதற்கே ஒரு டீமேட் கணக்கு. இங்கே பங்கு வாங்கினால் வராத வரி அங்கே வருகிறது. சிராங்கூன் சாலையில் சங்கிலி வாங்கினால் வரும் வரி, தங்கக் கட்டி வாங்கினால் வருவதில்லை. வீடு வாங்கப் போனாலோ வரியைக் கேட்டே தலை சுற்றுகிறது. இதைப் பற்றி நண்பர்களும் வாசகர்களும் கேட்பவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். விகிதங்கள் பட்ஜெட்டுக்கு பட்ஜெட் மாறும் என்பதால் முடிந்தவரை ஆண்டையும் சேர்த்தே சொல்கிறேன்.

பரிவர்த்தனை வரி என்றால் என்ன? வருமான வரி போலத்தானே?

இல்லை. வருமான வரி, லாபம் வந்த பிறகு அதில் ஒரு பங்கு கேட்கும். பரிவர்த்தனை வரிக்கு லாப நட்டம் தெரியாது. ஒரு பொருள் கைமாறினால் போதும், அதன் மதிப்பில் இத்தனை சதவீதம் என்று எடுத்துக்கொள்ளும். ஒரு லட்சம் ரூபாய்க்கு வாங்கிய பங்கை 90,000 ரூபாய்க்கு நட்டத்தில் விற்றாலும் இந்தியாவில் 90 ரூபாய் எஸ்டிடி, அதாவது பங்குப் பரிவர்த்தனை வரி, கட்டித்தான் ஆக வேண்டும். வாங்கும்போது கட்டிய 100 ரூபாய் தனி.

முத்திரை வரி, எஸ்டிடி, கமாடிட்டி (தங்கம், எண்ணெய் போன்ற பொருள்கள்) சந்தையின் சிடிடி என்று பெயர்கள் பல இருந்தாலும் எல்லாம் ஒரே குடும்பம். அரசுகளுக்கு இது பிடிப்பதற்குக் காரணம் உண்டு. சந்தையின் கணினியே வரியைப் பிடித்துக் கொடுத்துவிடும். யாரும் படிவம் நிரப்ப வேண்டாம், ஏய்க்கவும் வழி குறைவு.

சிங்கப்பூரில் பங்கு வாங்கினால் இந்த வரி உண்டா?

சந்தையில் பட்டியலிட்ட பங்கை சிடிபி வழியாக மின்னணு முறையில் வாங்கினால் முத்திரை வரி கிடையாது. பட்டியலிடாத நிறுவனத்தின் பங்கைப் பத்திரம் எழுதி மாற்றிக்கொண்டால்தான் 0.2% முத்திரை வரி. விலை, நிகரச் சொத்து மதிப்பு இரண்டில் எது அதிகமோ அதன் மேல் அது கணக்கிடப்படும்.

புரோக்கர் அனுப்பும் கான்ட்ராக்ட் நோட்டை எடுத்துப் பாருங்கள். 10,000 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) ஒரு வங்கிப் பங்கு வாங்கியதாக வைத்துக்கொள்வோம். புரோக்கர் கட்டணம் 25 வெள்ளி என்றால், அதற்குக் கீழே சந்தையின் கிளியரிங் (பணமும் பங்கும் கைமாறுவதை முடித்துக் கொடுக்கும்) கட்டணம் 0.0325%, அதாவது 3 வெள்ளி 25 காசு. அடுத்து டிரேடிங் கட்டணம் 0.0075%, 75 காசு. ஆக 29 வெள்ளி. இந்த 29 வெள்ளிக்கு 9% பொருள் சேவை வரி, 2 வெள்ளி 61 காசு.

நிறையப் பேர் இந்த 2.61-ஐப் பார்த்து, 'இங்கேயும் பங்குக்கு வரி போடுகிறார்களே' என்பார்கள். அது புரோக்கரும் சந்தையும் செய்த சேவைக்கான வரி. உங்கள் 10,000 வெள்ளியின் மேல் அரசு ஒரு காசும் எடுக்கவில்லை. இதே மதிப்புக்கு லண்டனில் பிரிட்டிஷ் நிறுவனப் பங்கு வாங்கினால் 0.5% போகும், 50 வெள்ளி. ஹாங்காங்கில் வாங்குபவருக்கும் விற்பவருக்கும் தலா 0.1%, ஆளுக்கு 10 வெள்ளி.

வெறும் 0.1%, 0.01% தானே? இதற்கு ஏன் சந்தைக்காரர்கள் இவ்வளவு கூச்சல் போடுகிறார்கள்?

பத்து வருடம் வைத்திருக்கப் போகிறவருக்கு 0.1% ஒன்றுமே இல்லை. சந்தையில் எல்லோரும் அப்படி வைத்திருப்பவர்களாக இருந்தால் இந்தப் பக்கத்தையே எழுத வேண்டியிருக்காது.

இந்தியாவின் எம்சிஎக்ஸ் என்ற கமாடிட்டி சந்தையில் நடக்கும் தங்க ப்யூச்சர்ஸை, அதாவது பின்னொரு தேதியில் வாங்க விற்க இன்றே விலை பேசும் ஒப்பந்தங்களை, எடுத்துக்கொள்வோம். ஒரு லாட் என்பது ஒரு கிலோ. விலை 10 கிராமுக்குச் சொல்லப்படும், ஒரு ரூபாய் படியில் ஏறி இறங்கும். விலை ஒரு ரூபாய் நகர்ந்தால் ஒரு லாட்டில் 100 ரூபாய் லாபம் அல்லது நட்டம். 2013 ஜூலையில் சிடிடி வந்தபோது விகிதம் 0.01%, விற்பவர் கட்ட வேண்டும். 10 கிராம் 30,000 ரூபாய் என்றால் ஒரு லாட்டின் மதிப்பு 30 லட்சம், வரி 300 ரூபாய். அதாவது மூன்று படி.

சந்தையில் நாள் முழுக்க உட்கார்ந்து ஒரு படி, இரண்டு படி லாபத்துக்கு வாங்கி விற்பவர்கள் உண்டு. அவர்களுடைய மொத்த வருமானமே அந்த ஒன்றிரண்டு படிதான். அதிலிருந்து மூன்று படி எடுத்தால் அடுத்த நாள் அவர்கள் ஏன் வரப் போகிறார்கள்? தங்கம் 10 கிராம் ஒரு லட்சம் ரூபாய் என்றால் ஒரு லாட் ஒரு கோடி, வரி 1,000 ரூபாய், பத்து படி. விலை ஏற ஏற வரியும் ஏறுகிறது, படியின் மதிப்பு அதே 100 ரூபாய்தான்.

ஆகவே விகிதத்தைத் தனியாகப் பார்த்துப் பயனில்லை. அந்தச் சந்தையில் ஒருவர் ஒரு தடவை சம்பாதிக்கும் லாபம் எவ்வளவு, அதற்குப் பக்கத்தில் வரி எவ்வளவு என்று பார்க்க வேண்டும்.

அவர்கள் ஊக வணிகர்கள். போனால் போகட்டுமே, நமக்கென்ன?

இந்தக் கேள்வியை மதிக்கிறேன், பலருடைய நியாயமான கோபம் இதில் இருக்கிறது. ஆனால் கோயம்புத்தூரில் நகைப் பட்டறை வைத்திருக்கும் ஒருவரை நினைத்துப் பாருங்கள். கையில் எப்போதும் ஒரு கிலோ தங்கம் இருக்கும். விலை இறங்கினால் அவர் காலி. அதனால் ப்யூச்சர்ஸில் ஒரு லாட் விற்று வைக்கிறார்; விலை இறங்கினால் அதில் வரும் லாபம் கையிருப்பின் நட்டத்தை ஈடுகட்டும். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை ஒப்பந்தம் முடியும்போது அடுத்ததற்கு மாற்றுகிறார். வருடத்துக்கு ஆறு முறை விற்பனை. ஒரு கோடி ரூபாய் சரக்குக்கு, தடவைக்கு 1,000 வீதம் 6,000 ரூபாய் சிடிடி. இது அவரைச் சாய்த்துவிடாது.

அவரைப் பாதிப்பது வேறு. அவர் விற்க வரும் நேரத்தில் எதிரே வாங்க ஆள் வேண்டும். பெரும்பாலான நேரம் அந்த ஆள் நீங்கள் சொல்லும் ஊக வணிகர்தான். அவர் போய்விட்டால் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவில் இடைவெளி விரியும். இரண்டு ரூபாய் இடைவெளி பத்து ரூபாயானால், பட்டறைக்காரர் விற்பதும் மீட்பதும் சேர்ந்த ஒரு சுற்றுக்கு 800 ரூபாய் கூடுதலாக இழக்கிறார். இந்த இழப்பு எந்த ரசீதிலும் தெரியாது, அரசு கஜானாவுக்கும் போகாது. பரிவர்த்தனை வரியின் மீது எனக்குள்ள முதல் மனக்குறை இதுதான். ஆபத்தைத் தேடிப் போகிறவரைக் குறிவைத்து அடித்தால், ஆபத்தைத் தவிர்க்க வந்தவரும் சேர்ந்து அடிபடுகிறார்.

சிடிடி வந்ததால்தான் இந்திய கமாடிட்டி சந்தை சரிந்ததா?

முழுக்க அப்படிச் சொல்ல மாட்டேன். கதை இப்படி. பங்குகளுக்கான எஸ்டிடி 2004 அக்டோபர் 1-இல் வந்தது. கமாடிட்டிக்கு 2008 பட்ஜெட்டில் அறிவித்தார்கள். எதிர்ப்பு கிளம்பியதால் நடைமுறைக்கே வராமல் போயிற்று. 2013 பட்ஜெட்டில் மறுபடி கொண்டுவந்தார்கள், ஜூலை 1 முதல் வசூல். மூன்று முறையும் நிதியமைச்சர் சிவகங்கைக்காரரான ப. சிதம்பரம். விவசாய விளைபொருள்களுக்கு விலக்கு கொடுத்தது சரியான முடிவு. தங்கம், வெள்ளி உலோகம், கச்சா எண்ணெய், செம்பு போன்றவைதான் சிக்கின.

எம்சிஎக்ஸ் வணிகம் அந்த ஆண்டில் பெரிதும் குறைந்தது உண்மை. ஆனால் சிடிடி வந்த அதே மாதக் கடைசியில், அதே குழுமத்தைச் சேர்ந்த என்எஸ்இஎல் என்ற ஸ்பாட் (உடனடி வணிக) சந்தையில் சுமார் 5,600 கோடி ரூபாய் பட்டுவாடா நின்றுபோய், பெரிய நெருக்கடி வெடித்தது. இரண்டும் ஒரே சமயத்தில் வந்ததால் எது எவ்வளவு பாதித்தது என்று பிரித்துச் சொல்வது கடினம். சிடிடி ஒன்றையே குற்றவாளியாக நிறுத்துபவர்கள் இதை மறைத்துவிடுகிறார்கள்.

இன்னொரு விஷயத்தையும் பேச வேண்டும், டப்பா டிரேடிங். சந்தை விலையை வைத்துக்கொண்டு, சந்தைக்கே ஆர்டர் போகாமல், உள்ளூர்த் தரகரின் நோட்டில் நடக்கும் வணிகம் அது. சட்டவிரோதம். அங்கே எஸ்டிடி, சிடிடி எதுவும் கிடையாது. தரகர் ஓடிவிட்டால் கேட்க நாதியும் இல்லை. சட்டப்படி நடக்கும் சந்தையில் செலவு கூடும்போதெல்லாம் இந்தப் பக்கம் ஆள் சேரும்.

ஸ்வீடன் உதாரணத்தை எல்லோரும் சொல்கிறார்களே, அங்கே என்ன நடந்தது?

1984-இல் ஸ்வீடன் பங்கு வாங்க 0.5%, விற்க 0.5% என்று வரி போட்டது. 1986-இல் அதை இரட்டிப்பாக்கியது. 1989-இல் கடன் பத்திரங்களுக்கும் விரித்தது. பத்திரங்களுக்கு விகிதம் மிகமிகக் குறைவு, அதிகபட்சமே 0.003% தான். ஆனால் முதல் வாரத்திலேயே பத்திர வணிகம் சுமார் 85% விழுந்தது. பத்திர ப்யூச்சர்ஸ் 98% காணாமல் போனது. 1990 வாக்கில் ஸ்வீடன் பங்கு வணிகத்தில் பாதிக்கு மேல் லண்டனுக்குப் போய்விட்டது. எதிர்பார்த்த வருமானமும் வரவில்லை, வந்தது சொற்பம். 1991 இறுதிக்குள் எல்லா வரியையும் எடுத்துவிட்டார்கள்.

இங்கே வரியின் அளவைவிட அதன் அமைப்பில்தான் கோளாறு. ஸ்வீடன் நாட்டுத் தரகர் வழியாக வாங்கினால்தான் வரி. லண்டன் தரகரிடம் போனால் இல்லை. வெளியே போக வழியைத் திறந்து வைத்துவிட்டு வரி போட்டிருக்கிறார்கள்.

அப்படியானால் பிரிட்டனில் மட்டும் 0.5% எப்படி நிற்கிறது?

அவர்கள் வரியைத் தரகரோடு கட்டவில்லை, பங்கோடு கட்டினார்கள். பிரிட்டனில் பதிவான நிறுவனத்தின் பங்கை நீங்கள் ஈசூனில் உட்கார்ந்து வாங்கினாலும், டோக்கியோவில் இருந்து வாங்கினாலும் வரி உண்டு. வரி கட்டாவிட்டால் பங்கு உங்கள் பெயருக்கு மாறாது. இதனால் ஆண்டுதோறும் சில நூறு கோடி பவுண்டு வருகிறது.

அதே சமயம், எப்போதும் வாங்கவும் விற்கவும் தயாராக நின்று சந்தையில் விலை சொல்லும் இடைத்தரகர்களுக்கு விலக்கு கொடுத்திருக்கிறார்கள். அந்த விலக்கு இல்லாவிட்டால் நான் மேலே சொன்ன இடைவெளிப் பிரச்சினை அங்கேயும் வந்திருக்கும். தினமும் வாங்கி விற்கும் ஆட்கள் பங்கையே தொடாமல் விலை வித்தியாசத்துக்கு மட்டும் ஒப்பந்தம் போடும் சிஎஃப்டி பக்கம் போய்விட்டார்கள். அதில் முத்திரை வரி இல்லை. ஆக அங்கேயும் ஓட்டை உண்டு, ஆனால் கப்பல் மிதக்கிறது.

பிரான்ஸ் 2012 ஆகஸ்ட்டில் 0.2% என்று ஆரம்பித்து, 2017-இல் 0.3%, 2025 ஏப்ரலில் 0.4% என்று ஏற்றியிருக்கிறது. அதுவும் பங்கோடு கட்டிய வரிதான், பெரிய நிறுவனங்களுக்கு மட்டும்.

மற்ற நாடுகளின் வரியால் சிங்கப்பூருக்கு லாபம் கிடைத்ததா?

கிடைத்தது, நன்றாகவே. பக்கத்து நாட்டுச் சந்தையின் பங்கு விலைக் குறியீட்டை எடுத்து இங்கே ப்யூச்சர்ஸ் நடத்துவது சிங்கப்பூரின் பழைய தொழில். ஜப்பானின் நிக்கேய் 225 குறியீட்டு ப்யூச்சர்ஸ் 1986-இல் சிங்கப்பூரின் சைமெக்ஸ் என்ற ப்யூச்சர்ஸ் சந்தையில்தான் முதலில் வந்தது, ஒசாகாவில் வருவதற்கு இரண்டு வருடம் முன்பே.

தைவான் கதை வரிக்கே நேரடியாகப் பொருந்தும். தைவான் பங்குக் குறியீடான எம்எஸ்சிஐ தைவானின் ப்யூச்சர்ஸ் 1997-இல் சிங்கப்பூரில் தொடங்கியது. தைவானின் சொந்த ப்யூச்சர்ஸ் சந்தை அடுத்த வருடம்தான் வந்தது, அங்கே 0.05% பரிவர்த்தனை வரி வேறு. வணிகர்கள் எங்கே போவார்கள்? 2000 மே மாதம் தைவான் அந்த வரியைப் பாதியாக, 0.025% ஆகக் குறைத்தது. பிறகு படிப்படியாகக் குறைத்துக் குறைத்து இப்போது 0.002%. சிங்கப்பூர் போன்ற போட்டியாளர் பக்கத்தில் இருந்தது அங்குள்ள வணிகருக்கு நல்லதாயிற்று.

எஸ்ஜிஎக்ஸ் நிஃப்டி ஏன் குஜராத்துக்குப் போனது?

2000 செப்டம்பரில் சிங்கப்பூர் பங்குச் சந்தையில் (எஸ்ஜிஎக்ஸ்) இந்தியப் பங்குக் குறியீடான நிஃப்டியின் ப்யூச்சர்ஸ் தொடங்கியது. அப்போது எஸ்டிடி என்ற பேச்சே இல்லை. எனவே வரிக்குப் பயந்து பிறந்த சந்தை என்று சொல்ல முடியாது. டாலரில் கணக்கு, இந்தியாவில் பதிவு செய்யத் தேவையில்லை, நீண்ட நேர வணிகம், இவைதான் முதலில் ஈர்த்தன. 2004-க்குப் பிறகு எஸ்டிடி இல்லை என்பதும் சேர்ந்துகொண்டது. காலையில் இந்தியச் சந்தை திறக்கும் முன் தொலைக்காட்சியில் எஸ்ஜிஎக்ஸ் நிஃப்டி எங்கே நிற்கிறது என்று பார்ப்பது மும்பை, சென்னை தரகர்களின் வழக்கமே ஆகிவிட்டது. இந்தியக் குறியீட்டுக்கு சிங்கப்பூர் விலை சொன்னது.

2018 பிப்ரவரியில் இந்தியச் சந்தைகள், வெளிநாடுகளுக்கு இனி குறியீட்டு உரிமம் தருவதில்லை என்று அறிவித்தன. வழக்கு, பேச்சுவார்த்தை எல்லாம் முடிந்து 2023 ஜூலை 3-இல் அது கிஃப்ட் நிஃப்டி என்ற பெயரில் குஜராத்தின் கிஃப்ட் சிட்டி என்ற நிதி நகரத்துக்கு மாறியது. சிங்கப்பூர் இன்னும் அதில் பங்காளிதான்.

கவனிக்க வேண்டியது: கிஃப்ட் சிட்டி சர்வதேசச் சந்தையில் எஸ்டிடி இல்லை, சிடிடி இல்லை, முத்திரை வரியும் இல்லை. போன வணிகத்தைத் திரும்பக் கூப்பிட வேண்டும் என்றதும் இந்தியா முதலில் நீக்கியவற்றில் இந்த வரிகளும் இருந்தன. பரிவர்த்தனை வரி வணிகத்தைத் துரத்தாது என்று வாதிடுபவர்களுக்கு, இந்திய அரசே கொடுத்த பதிலாக இதை எடுத்துக்கொள்கிறேன்.

வணிகம் ஓடிவிடும் என்றால், சிங்கப்பூர் வீட்டுக்கு மட்டும் ஏன் இவ்வளவு முத்திரை வரி போடுகிறது?

வீடு ஓடாது. முழு விஷயமும் இதில்தான் இருக்கிறது. நிஃப்டி ப்யூச்சர்ஸை ஒரு ஒப்பந்தத்தில் குஜராத்துக்குக் கொண்டுபோகலாம். பாசிர் ரிஸ் கொண்டோவை (தனியார் அடுக்குமாடி வீட்டை) எங்கே கொண்டுபோவது?

15 லட்சம் வெள்ளி மதிப்புள்ள ஒரு கொண்டோவைப் பார்ப்போம். வாங்குபவர் முத்திரை வரி எல்லோருக்கும் உண்டு. 2023 பிப்ரவரியில் வந்த விகிதப்படி 44,600 வெள்ளி. அதற்கு மேல் கூடுதல் முத்திரை வரி, 2023 ஏப்ரல் 27 முதல் இப்படி: முதல் வீடு வாங்கும் குடிமகனுக்கு ஒன்றுமில்லை, இரண்டாவது வீடு என்றால் 20%, மூன்று லட்சம் வெள்ளி. முதல் வீடு வாங்கும் நிரந்தரவாசிக்கு 5%, 75,000 வெள்ளி. வெளிநாட்டவருக்கு 60%, ஒன்பது லட்சம் வெள்ளி. அமெரிக்கா, சுவிட்சர்லாந்து போன்ற சில நாட்டவருக்கு ஒப்பந்தப்படி விலக்கு உண்டு, இந்தியருக்கு இல்லை. ஊரிலிருந்து வேலைக்கு வந்து எம்ப்ளாய்மென்ட் பாஸில் இருப்பவர்கள் இந்த 60%-ஐக் கணக்கில் வைக்காமல் முன்பணம் கொடுத்துவிடாதீர்கள்.

வாங்கி உடனே விற்பவருக்கு இன்னொரு வரி, விற்பனையாளர் முத்திரை வரி. 2025 ஜூலை 4 முதல் வாங்கும் வீடுகளை முதல் வருடத்துக்குள் விற்றால் 16%, பிறகு 12, 8, 4 என்று நான்கு வருடம் வரை. 2017-இல் இதை மூன்று வருடமாகக் குறைத்திருந்தார்கள். கட்டி முடிக்காத வீட்டையே கைமாற்றி லாபம் பார்ப்பது கூடியதால் பழைய நான்கு வருடத்துக்கே திரும்பினார்கள்.

பலன்? வெளிநாட்டவர் வாங்குவது மிகவும் குறைந்தது. தனியார் வீட்டு விலைக் குறியீடு 2022-இல் 8.6%, 2023-இல் 6.8%, 2024-இல் 3.9% ஏறியது. ஏற்றம் நிற்கவில்லை, வேகம் தணிந்தது. இதில் வட்டி விகிதத்துக்கும், புதிதாகக் கட்டி முடித்த வீடுகளுக்கும் பங்கு உண்டு. முழுப் பெருமையையும் வரிக்குக் கொடுக்க முடியாது.

பங்கு வடிவில் வீட்டைக் கைமாற்றி வரியைத் தவிர்க்கும் வழியும் 2017 மார்ச்சில் அடைக்கப்பட்டது. வீடுகளை வைத்திருக்கும் நிறுவனத்தின் பங்கைப் பெருமளவில் வாங்கி விற்றாலும், வீட்டையே வாங்கி விற்றது போலவே வரி.

தங்கத்துக்கு வருவோம். 916 சங்கிலிக்கு வரி, கட்டிக்கு வரியில்லை – ஏன்?

2012 அக்டோபர் 1 முதல் முதலீட்டுத் தரத் தங்கம், வெள்ளி, பிளாட்டினத்துக்குப் பொருள் சேவை வரி விலக்கு. தங்கம் என்றால் 99.5% தூய்மை, வெள்ளி 99.9%, பிளாட்டினம் 99%. கட்டிகளும் அங்கீகரித்த சில நாணயங்களும் இதில் அடங்கும். 916 என்பது 91.6%, அது நகை. ஆகவே 9% உண்டு.

லிட்டில் இந்தியா கடையில் தங்கமும் செய்கூலியும் சேர்ந்து 2,000 வெள்ளிக்குச் சங்கிலி எடுத்தால் 180 வெள்ளி வரி. மறுநாளே திருப்பி விற்கப் போனாலும் அந்த 180-உம் செய்கூலியும் திரும்ப வராது. அதே 2,000 வெள்ளிக்குத் தங்கக் கட்டி வாங்கினால், கடைக்காரரின் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள வித்தியாசம் மட்டுமே இழப்பு. போட்டுக்கொள்ள நகை வாங்குகிறீர்கள் என்றால் அது சந்தோஷத்துக்கான செலவு, தாராளமாகச் செய்யுங்கள். பிள்ளைகளின் படிப்புக்குச் சேமிப்பாக வாங்குவதாக இருந்தால் கட்டியைப் பற்றி வீட்டில் ஒரு முறை பேசுங்கள்.

அரசின் நோக்கம் வேறு. கட்டி ஒவ்வொரு முறை கைமாறும்போதும் 7% (அன்றைய விகிதம்) போனால், சிங்கப்பூரில் தங்கச் சந்தை எப்படி வளரும்? லண்டனும் ஹாங்காங்கும் இருக்கும்போது யார் இங்கே வந்து வாங்குவார்கள்? அதனால் எடுத்துவிட்டார்கள். தங்கமும் பங்கைப் போல ஓடக்கூடிய பொருள்.

வரியை எடுத்துவிட்டால் சந்தை தானாக வளர்ந்துவிடுமா?

வளராது. விலக்கு வந்த இரண்டு வருடத்தில், 2014 அக்டோபரில், சிங்கப்பூர் பங்குச் சந்தை ஒரு கிலோ தங்கக் கட்டி ஒப்பந்தத்தைத் தொடங்கியது. ஆசியாவின் தங்க விலை இங்கே நிர்ணயமாகும் என்ற எதிர்பார்ப்பு இருந்தது. அது பெரிதாக எடுபடவில்லை. வாங்குபவரும் விற்பவரும் ஏற்கெனவே கூடியிருந்த சந்தைகளை விட்டு வரவில்லை.

ரப்பரைப் பாருங்கள். தோட்டங்கள் மலேசியா, இந்தோனேசியா, தாய்லாந்தில். வணிகம் நூறு வருடத்துக்கும் மேலாக சிங்கப்பூர் வழியாக. டிஎஸ்ஆர் 20 என்ற தர ரப்பரின் விலைக்கு உலக டயர் நிறுவனங்கள் பார்ப்பது இங்குள்ள ப்யூச்சர்ஸ் விலையைத்தான். 2008-இல் சைகாம் என்ற கமாடிட்டி சந்தையைச் சிங்கப்பூர் பங்குச் சந்தை வாங்கியபோது இது அதனுடன் வந்தது. இரும்புத் தாதுவும் அப்படியே. 2009-இல் இங்கே கிளியரிங் தொடங்கி, சீன எஃகு ஆலைகளுக்கும் ஆஸ்திரேலியச் சுரங்கங்களுக்கும் நடுவில் சிங்கப்பூர் விலை சொல்லும் இடமாயிற்று. இதற்கெல்லாம் வரியின்மை உதவியது. ஆனால் நம்பகமான கிளியரிங், நேர்மையான நீதிமன்றம், தடையின்றி மாற்றக்கூடிய நாணயம் ஆகியவை இல்லாமல் நடந்திருக்காது.

இந்த வரி விலை ஏற்ற இறக்கத்தைக் குறைக்கும் என்கிறார்களே? அதற்குத்தானே கொண்டுவந்தார்கள்?

1936-இல் கெயின்ஸ், 1972-இல் டோபின் என்ற பொருளியல் அறிஞர்கள் சொன்ன யோசனை இது. டோபின் பேசியது நாணயச் சந்தையைப் பற்றி. நிமிடத்துக்கு நிமிடம் வாங்கி விற்பவரின் வேகத்தைக் குறைத்தால் சந்தை நிதானமாகும் என்பது வாதம். அவர் நோக்கத்தில் எனக்கு மரியாதை உண்டு. எல்லா நாடுகளும் சேர்ந்து போட வேண்டும் என்பதையும் அவர் வலியுறுத்தினார். அது நடக்கவேயில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2011-இல் முன்மொழிந்த கூட்டு வரியே இன்னும் வரவில்லை.

நடந்ததைப் பார்த்தால் நம்பிக்கை வரவில்லை. சீனா 2007 மே 30-இல் முத்திரை வரியை 0.1%-இலிருந்து 0.3% ஆக்கியது. அன்று ஷாங்காய் குறியீடு 6.5% விழுந்தது. ஆனால் அதே ஆண்டு அக்டோபரில் 6,000 புள்ளிகளைத் தாண்டியது, பிறகு 2008-இல் பெரிதாகச் சரிந்தது. மூன்று மடங்கு வரியால் ஏற்றத்தையும் தடுக்க முடியவில்லை, வீழ்ச்சியையும் தடுக்க முடியவில்லை. வணிக அளவு குறைவது நிச்சயம். ஏற்ற இறக்கம் குறைவதற்கு உறுதியான சான்று கிடைக்கவில்லை. ஆட்கள் குறைந்த சந்தையில் ஒரு பெரிய ஆர்டர் வந்தால் விலை முன்பைவிட அதிகமாகக் குலுங்குவதும் உண்டு.

இந்தியாவில் எஸ்டிடி பணம் கொட்டுகிறதே? ஸ்வீடன் போல ஆகவில்லையே?

ஆகவில்லை. 2024-25-இல் எஸ்டிடி வசூல் 50,000 கோடி ரூபாயைத் தாண்டியது. காரணம், இந்தியாவில் வசிக்கும் சிறு முதலீட்டாளர் எளிதில் வெளியே போய் ஆப்ஷன்ஸ் (குறித்த விலையில் வாங்கவோ விற்கவோ உரிமை தரும் ஒப்பந்தம்) வணிகம் செய்ய முடியாது. ரூபாய்க்குக் கட்டுப்பாடு உண்டு. கதவு சாத்தியிருக்கும் வீட்டில் வரி நிற்கிறது.

2024 அக்டோபர் 1 முதல் ப்யூச்சர்ஸுக்கு 0.02%, ஆப்ஷன்ஸ் பிரீமியத்துக்கு, அதாவது அந்த உரிமையின் விலைக்கு, 0.1% என்று ஏற்றினார்கள். சிறு முதலீட்டாளர்கள் ஆப்ஷன்ஸில் பணம் இழப்பதைப் பார்த்து ஏற்றியது. அந்தக் கவலை உண்மையானது. எனக்கு வருத்தம் வேறொன்றில். 2004-இல் எஸ்டிடி வந்தபோது, அதற்குப் பதிலாக நீண்டகால மூலதன லாபத்துக்கு வரி விலக்கு தந்தார்கள். 2018-இல் 10% வரியைத் திரும்பக் கொண்டுவந்தார்கள், 2024-இல் அது 12.5% ஆனது. எஸ்டிடி மட்டும் போகவேயில்லை. கொடுத்த வாக்கின் ஒரு பாதி மறைந்தது, மறு பாதி வளர்ந்தது.

கிரிப்டோவுக்கு 1% டிடிஎஸ் போட்டதும் இதே கதையா?

அதே கதை, இன்னும் வேகமாக. 2022 ஜூலை 1 முதல் இந்தியாவில் கிரிப்டோ ஒவ்வொரு முறை விற்கும்போதும் 1% பிடித்தம். சட்டப்படி இது முன்கூட்டிக் கட்டும் வருமான வரி, பிறகு கணக்கில் ஈடுசெய்யலாம். ஆனால் அதுவரை பணம் முடங்கும். ஒவ்வொரு விற்பனைக்கும் 1% போனால் சுமார் 70 விற்பனையில் கையிருப்பு பாதியாகும். இந்திய கிரிப்டோ தளங்களில் வணிகம் சட்டென்று விழுந்தது, ஆட்கள் வெளிநாட்டுத் தளங்களுக்குப் போனார்கள். கண்காணிக்க வேண்டும் என்று போட்ட பிடித்தம், ஆட்களைக் கண்காணிப்புக்கு வெளியே தள்ளியது.

சிங்கப்பூரும் பங்குகளுக்குச் சிறு வரி போடலாம் என்று நினைக்கிறீர்களா?

வேண்டாம் என்பதே என் கருத்து. 'வீட்டுக்கு 60% போடுகிறவர்கள் பணக்காரர்களின் பங்குக்கு 0.1% போட்டால் என்ன' என்று கேட்கும் நண்பர்களின் நியாயம் எனக்குப் புரிகிறது. ஆனால் இந்தச் சந்தைக்கு ஏற்கெனவே உள்ள குறை வணிகம் போதவில்லை என்பதுதான். சிறு நிறுவனப் பங்குகளில் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள இடைவெளியைப் பார்த்தாலே தெரியும். பெரிய முதலீட்டாளர் வேறு சந்தைக்குப் போய்விடுவார். மாதம் 500 வெள்ளி சேமித்து எஸ்டிஐ (சிங்கப்பூர் பங்குக் குறியீடு) ஃபண்ட் வாங்கும் டாக்சி ஓட்டுநரும் தாதியும்தான் இங்கேயே இருந்து வரியைக் கட்டுவார்கள். சந்தையில் சம்பாதிக்கும் நிறுவனங்களிடம் 17% நிறுவன வரி வழியாக வாங்குவது அதைவிட நேர்மையானது.

சரி, நான் சிங்கப்பூரிலிருந்து இந்தியப் பங்கு வாங்குகிறேன். என்ன கட்ட வேண்டும்?

என்ஆர்ஐ, அதாவது வெளிநாடு வாழ் இந்தியர் என்றால் டெலிவரி முறையில்தான் வாங்க முடியும், அன்றே வாங்கி அன்றே விற்க முடியாது. ஒரு லட்சம் ரூபாய்க்கு வாங்கினால் எஸ்டிடி 100 ரூபாய், முத்திரை வரி 0.015%, அதாவது 15 ரூபாய். விற்கும்போது விற்பனை மதிப்பில் மறுபடி 0.1% எஸ்டிடி, விற்பவருக்கு முத்திரை வரி இல்லை. லாபத்துக்கு, ஒரு வருடத்துக்கு மேல் வைத்திருந்தால் 12.5%, அதற்குள் விற்றால் 20%.

மூலதன லாபத்தைக் கணக்கிடும்போது புரோக்கர் கட்டணத்தைக் கழிக்கலாம், எஸ்டிடியைக் கழிக்க முடியாது. ஆடிட்டர் அனுப்பும் கணக்கில் அது கழிக்கப்பட்டிருந்தால் திருத்தச் சொல்லுங்கள். சிங்கப்பூரில் மூலதன லாப வரியே இல்லாததால், அங்கே கட்டியதை இங்கே ஈடுசெய்யவும் வழியில்லை.

லண்டனில் பட்டியலிட்ட இடிஎஃப் (பங்கைப் போலச் சந்தையில் வாங்கி விற்கும் ஃபண்ட்) வாங்குபவர்களுக்கு ஒரு குறிப்பு. அது அயர்லாந்தில் பதிவானதாக இருந்தால் பிரிட்டனின் 0.5% வராது. பிரிட்டிஷ் நிறுவனப் பங்கை நேரடியாக வாங்கினால்தான் வரும். அயர்லாந்து நிறுவனப் பங்கை நேரடியாக வாங்கினால் 1%. ஆர்டர் போடும் முன், பங்கின் அடையாள எண்ணான ஐசின் எந்த இரண்டு எழுத்தில் தொடங்குகிறது என்று பாருங்கள். பெரும்பாலும் அந்த நிறுவனம் எந்த நாட்டில் பதிவாகியிருக்கிறது என்பது அதிலேயே தெரிந்துவிடும்.